இங்கிலாந்துச் சாப்பாட்டில் ருசி இல்லை என்பவர்கள் காலை எட்டு மணிக்கு ஒரு காஃபுக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த லண்டன் பயணக் கட்டுரையைப் படித்தேன். அரண்மனை, டவர் பிரிட்ஜ், ராட்சத ராட்டினம் எல்லாம் சரி. சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. இங்கிலாந்துக்காரர்களுக்குச் சமைக்கத் தெரியாது, எல்லாமே வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பும் கிடையாது உறைப்பும் கிடையாது புளிப்பும் கிடையாது, பேசாமல் நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்கு ரயில் ஏறிப் போய் தோசை சாப்பிட்டுவிடுங்கள் என்று நாலே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். ஈஸ்ட் ஹாம் தோசையை நானும் சாப்பிடுகிறேன், நன்றாகவே இருக்கும். ஆனால் ஹோட்டலில் ஆறிப்போன பஃபே முட்டையையும், சுற்றுலாக் கூட்டம் மொய்க்கிற தெருவில் மைக்ரோவேவில் சுடவைத்துக் கொடுத்த ஒரு 'பை'யையும் (கறியை மாவால் மூடிச் சுட்ட பண்டம்) சாப்பிட்டுவிட்டு ஒரு நாட்டின் சாப்பாட்டையே ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. நம் ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் விமான நிலையத்தில் விற்கிற இட்லியைத் தின்றுவிட்டு அப்படி எழுதியிருந்தால் நாம் சும்மா இருப்போமா?

நான் 2003-ல் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தவள். கிழக்கு லண்டனில் இருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் நைட் டியூட்டி பார்த்திருக்கிறேன். இந்த ஊர்ச் சாப்பாட்டை எனக்குப் பழக்கிவிட்டது பெரிய ரெஸ்டாரன்ட் எதுவும் இல்லை, காலையில் டியூட்டி முடிந்து வெளியே வந்தால் திறந்திருக்கிற உழைப்பாளிகளின் சின்னக் கடைகள்தான். கஃபே என்றுதான் பலகையில் எழுதியிருக்கும், ஆனால் லண்டன் உழைக்கும் ஜனங்களின் வாயில் அது 'காஃப்'. 'கிரீஸி ஸ்பூன்' என்றும் சொல்வார்கள், எண்ணெய் ஒட்டிய கரண்டி என்று அர்த்தம், பாசமாகச் சொல்கிற பெயர்தான்.

முதல் தடவை போனது ஒரு ஜனவரி மாதம். பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி, வார்டில் இரண்டு பேர் ரொம்ப மோசமாக இருந்த ராத்திரி, காலை எட்டு மணிக்கு வெளியே வந்தால் இன்னும் விடிந்த மாதிரியே இல்லை, குளிர் முகத்தில் அறைகிறது. ஜமைக்காவிலிருந்து வந்து பல வருஷமாக எங்கள் வார்டில் இருந்த சீனியர் சிஸ்டர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ இப்படியே வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் படுத்துவிடுவாய், வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கடையின் கண்ணாடி முழுக்க உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது. கதவைத் திறந்ததும் பேக்கன் (உப்பில் பதப்படுத்திய பன்றிக்கறி) பொரிகிற வாசனையும் டோஸ்ட் கருகுகிற வாசனையும். ஃபார்மிகா ஒட்டிய மேஜைகள், தரையில் திருகி வைத்த நாற்காலிகள். ஒவ்வொரு மேஜையிலும் உப்பு, மிளகுத்தூள், வினிகர், சிவப்பு கெட்சப், அப்புறம் பிரவுன் சாஸ். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ரோடு வேலைக்காரர்கள், பெயின்ட் தெறித்த பேன்ட்டோடு இரண்டு பேர், தபால்காரர் ஒருவர், ஓரத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு தனியாக ஒரு பெரியவர். கல்லாவில் இருந்த அம்மா என்னைப் பார்த்து "யெஸ் மை லவ்" என்றார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. நம் ஊர்க் கடையில் 'என்ன கண்ணு வேணும்' என்று கேட்பார்களே, அதேதான். ஊரை விட்டு வந்து மூன்று மாதத்தில் ஒரு அந்நியர் என்னிடம் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

தட்டு வந்தது. இரண்டு ஒற்றைப் பக்க முட்டை, மஞ்சள் கரு உடையாமல் தளதளவென்று. இரண்டு சாஸேஜ், இரண்டு பேக்கன், தக்காளியைப் பாதியாக வெட்டி வாட்டியது, காளான், தக்காளிக் குழம்பில் ஊறிய பீன்ஸ், பக்கத்தில் பேக்கன் கொழுப்பிலேயே பொரித்த ஒரு துண்டு ரொட்டி. 'ஃபுல் இங்கிலிஷ்' என்பது இதுதான். எனக்கு முதலில் பீன்ஸ் இனிப்பது விசித்திரமாக இருந்தது. சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார்: ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சாப்பிடாதே, சாஸேஜில் ஒரு துண்டு வெட்டி, முட்டைக் கருவில் தோய்த்து, அதன் மேல் நாலு பீன்ஸை ஏற்றி, ஒரே வாயாகப் போடு. அப்புறம்தான் புரிந்தது. உப்பு பேக்கனில் இருக்கிறது, இனிப்பும் லேசான புளிப்பும் பீன்ஸில், மொறுமொறுப்பு பொரித்த ரொட்டியில், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது அந்த மஞ்சள் கரு. நாம் சோற்றில் குழம்பு ஊற்றி, கூட்டு கொஞ்சம், அப்பளம் கொஞ்சம் என்று ஒரு உருண்டைக்குள் எல்லாவற்றையும் கொண்டுவருகிறோமே, அதே வேலையை இவர்கள் முள்கரண்டியில் செய்கிறார்கள். கட்டுரையாளர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு ஒவ்வொன்றிலும் ருசி தேடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பிரவுன் சாஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எச்.பி. சாஸ் பாட்டிலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் படம் போட்டிருக்கும், அந்த எச்.பி. என்பதே நாடாளுமன்றக் கட்டடத்தின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். பாட்டிலைத் திருப்பி என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள்: தக்காளி, வினிகர், பேரீச்சை, கூடவே புளி. ஆமாம், நம் புளியேதான். முதல் தடவை நாக்கில் பட்டபோது எங்கேயோ சாப்பிட்ட ருசியாக இருக்கிறதே என்று யோசித்தேன், இனிப்புப் புளிச்சட்னிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி. உறைப்பில்லை, புளிப்பில்லை என்று எழுதியவர் இந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை போலிருக்கிறது.

அதேபோல பிளாக் புட்டிங். பன்றி ரத்தத்தில் ஓட்ஸோ பார்லியோ, கூடவே கொழுப்பும் சேர்த்து உறையில் அடைத்து வேகவைத்து, அப்புறம் வில்லையாக அரிந்து கல்லில் வாட்டுவது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பரி என்ற ஊர்ச் சந்தை இதற்குப் பேர்போனது. இங்கே வருகிற நம் ஆட்கள் நிறையப் பேர் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியலுக்கு வீட்டில் சண்டை போட்டு வளர்ந்தவர்கள் சுளிக்கலாமா? வெங்காயமும் தேங்காயும் இல்லாத ரத்தப் பொரியல் என்று நினைத்துக்கொண்டு ஒரு வில்லை சாப்பிடுங்கள். ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, மிளகு வாசனையோடு இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது 'பபிள் அண்ட் ஸ்க்வீக்'. முந்தின நாள் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் சேர்த்துப் பிசைந்து கல்லில் தட்டி, அடிப்பக்கம் முறுகும் வரை விட்டு, புரட்டிப் போடுவது. கல்லில் வேகும்போது கொப்பளித்துக் கீச்சிடுகிற சத்தத்தால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா தாளிக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முறுகலான அந்தப் பகுதிக்காகவே நான் கல்லடியில் நிற்பவரிடம் 'கொஞ்சம் கூடவே விட்டு எடுங்கள்' என்று கேட்டு வாங்குவேன், அவரும் சிரித்துக்கொண்டே கரண்டியால் அழுத்தி இன்னொரு நிமிஷம் விடுவார்.

மத்தியானம் வேறு உலகம். கண்டிப்பாகக் கேட்க வேண்டியது அன்றைய ஸ்பெஷல், சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். ஆட்டுக்கறிக் கொத்துக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி அடுப்பில் வைத்து எடுக்கிற ஷெப்பர்ட்ஸ் பை (மாட்டுக்கறியில் செய்தால் அதற்கு காட்டேஜ் பை என்று பெயர்), வெங்காயக் குழம்பு ஊற்றிய ஈரலும் பேக்கனும், சாஸேஜும் உருளைக்கிழங்கு மசியலும், வெள்ளிக்கிழமை என்றால் மீன். ஒன்றுமே வேண்டாம், அவசரம் என்றால் எக் அண்ட் சிப்ஸ். அதாவது இரண்டு முட்டை, ஒரு குவியல் சிப்ஸ் (இங்கே சிப்ஸ் என்றால் தடியாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு), அவ்வளவுதான். அதை விட மலிவாகவும் நிறைவாகவும் லண்டனில் உட்கார்ந்து சாப்பிட ஒன்றும் எனக்குத் தெரியாது. கடைசியில் ஆப்பிள் கிரம்பிளோ, உலர்ந்த திராட்சை போட்டு ஆவியில் வேகவைத்த புட்டிங்கோ, மேலே சுடச்சுட மஞ்சள் கஸ்டர்டு. அந்தக் கஸ்டர்டு பவுடர் 1837-ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்டு என்பவர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக முட்டை இல்லாமல் கண்டுபிடித்தது. நம் ஊர்ப் பழக்கலவையில் ஊற்றுகிற கஸ்டர்டுக்கும் மூலம் அதுதான்.

பையும் உருளைக்கிழங்கு மசியலும் விற்கிற 'பை அண்ட் மேஷ்' கடைகள் இதற்குப் பக்கத்து இனம். டவர் பிரிட்ஜ் ரோட்டில் எம். மான்ஸே என்ற கடை 1902-லிருந்து அந்தப் பெயரில் நடக்கிறது. உங்கள் கட்டுரையாளர் டவர் பிரிட்ஜில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாரே, அங்கிருந்து நடந்தே போயிருக்கலாம். பச்சையும் வெள்ளையுமாக ஓடு பதித்த சுவர், மார்பிள் மேஜை, மர பெஞ்சு. 'ஒன் அண்ட் ஒன்' என்று சொன்னால் ஒரு பை, ஒரு மசியல். மேலே பச்சையாக ஒரு குழம்பை ஊற்றுவார்கள், அதன் பெயர் லிக்கர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சாராயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பார்ஸ்லி தழை போட்ட குழம்பு, அந்தக் காலத்தில் விலாங்கு மீன் வேகவைத்த தண்ணீரில் செய்தது. தேம்ஸ் நதியில் விலாங்கு மலிவாகக் கிடைத்ததால் ஏழைகள் சாப்பாடாக அது ஆரம்பித்தது. கத்தி இல்லாமல் முள்கரண்டியும் ஸ்பூனும் வைத்துத்தான் பழைய ஆட்கள் சாப்பிடுவார்கள். மேஜை மேல் மிளகாய் ஊறப்போட்ட வினிகர் பாட்டில் இருக்கும், அதை எடுத்து நன்றாகத் தெளித்துக்கொண்டால் நம் நாக்குக்கும் குறை இருக்காது.

இதையெல்லாம் இங்கிலாந்துச் சாப்பாடு என்கிறோம், சரி. ஆனால் இதைச் சமைத்துப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால், பாதிக் கதை இத்தாலியர்களுடையது. மான்ஸே குடும்பம் இத்தாலியில் ரவெல்லோவிலிருந்து வந்தது. பெத்னல் கிரீன் ரோட்டில் 1900-ல் தொடங்கிய பெல்லிச்சி கடை இன்றைக்கும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது, உள்ளே சுவர் முழுக்க 1946-ல் செய்த மர வேலைப்பாடு, 2005-ல் அதை அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு டீயும் முட்டையும் விற்கிற கடைக்கு அந்த மரியாதை கிடைத்ததை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பிம்லிகோவில் ரீஜென்சி கஃபே 1946-லிருந்து இருக்கிறது, அங்கே நம் ஆர்டர் தயாரானதும் கல்லாவிலிருந்து கடை அதிரக் கூப்பிடுவார்கள், முதல் தடவை போகிறவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார். சவுத் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் இத்தாலியக் கடைகளை மொத்தமாகவே 'பிராக்கி' என்றுதான் சொல்வார்களாம், முதலில் வந்த ஒரு குடும்பத்தின் பெயர் அது. அவர்களில் பெரும்பாலானோர் வட இத்தாலியில் பார்டி என்ற ஒரே மலையூரைச் சேர்ந்தவர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் ஒரே தொழிலில் இறங்குவது நமக்குத் தெரியாத விஷயமா?

அந்த மனிதர்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும், இங்கேயே நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் இறங்கியதும், அதுவரை தெருவில் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் எதிரிகள் ஆனார்கள். கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்தார்கள். கனடாவுக்கு அனுப்புவதற்காக அரண்டோரா ஸ்டார் என்ற கப்பலில் ஏற்றினார்கள், ஜூலை 2-ஆம் தேதி அயர்லாந்துக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. இறந்தவர்கள் 800 பேருக்கு மேல், அதில் 400-க்கும் அதிகமானவர்கள் இத்தாலியர்கள், அவர்களில் கடைக்காரர்கள், சமையல்காரர்கள், சர்வர்கள் எத்தனையோ பேர். அப்படியும் மிஞ்சியவர்கள் போர் முடிந்து வந்து, உடைந்த கண்ணாடியை மாற்றி, அதே ஜனங்களுக்கு மறுபடியும் முட்டை பொரித்துப் போட்டார்கள். ஒரு காஃபுக்குள் பழைய குடும்பப் போட்டோ சுவரில் தொங்கினால் நான் நின்று பார்க்காமல் நகர மாட்டேன்.

போர்க் காலத்தில் அரசாங்கமும் மலிவுச் சாப்பாட்டுக் கூடங்கள் நடத்தியது. 'சமுதாய உணவு மையம்' என்கிற மாதிரி ஒரு பெயர் முதலில் வைத்திருந்தார்கள், சர்ச்சிலுக்கு அது பிடிக்காமல் 'பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்' என்று மாற்றினார். கறி, காய், புட்டிங் எல்லாம் ஒன்பது பென்ஸுக்குள். 1943-ல் அப்படி 2,000-க்கும் மேற்பட்ட கூடங்கள் இருந்தன. நம் ஊர் அம்மா உணவகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் என்பது இங்கே 1954 வரை நீடித்தது, அதாவது போர் முடிந்தும் ஒன்பது வருஷம். இங்கிலாந்துச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்ற பேச்சுக்கு அந்தப் பஞ்ச காலம் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்த காலத்தில் யார்தான் ருசியாகச் சமைக்க முடியும்? ரேஷன் போன பிறகு இரண்டு முட்டையும் பேக்கனும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தால் உழைத்துக் களைத்து வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இப்போது நான் போகிற கடையை நடத்துபவர் துருக்கிக்காரர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு இத்தாலியப் பெரியவரிடமிருந்து வாங்கினாராம், மெனுவில் ஒன்றையும் மாற்றவில்லை, சுவரில் இருந்த படங்களைக்கூட எடுக்கவில்லை. அவர் பன்றிக்கறி சாப்பிட மாட்டார், ஆனால் அவர் வாட்டுகிற பேக்கனுக்கு இந்த வட்டாரத்தில் ஈடில்லை. வாசனையையும் சத்தத்தையும் வைத்தே கணக்கு என்பார்.

டீ. டீயைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. என் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பம். அம்மா கூடலூர் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். விடிகாலையில் ரொட்டியைச் சுட்டு, கட்டச்சம்பல் அரைத்து, தேயிலைத் தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு மலை ஏறுவார். நல்ல இலையெல்லாம் கப்பலேறிவிடும், எங்களுக்குக் கிடைத்தது தூள். அந்த இலை எங்கே போகிறது, யார் குடிக்கிறார்கள் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். சீமையில் துரைமார் குடிப்பார்கள் என்பார் அம்மா. இங்கே வந்து பார்த்தால், பெரிய மக்கில் கடுஞ்சிவப்பாக, பால் ஊற்றி, இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு, கட்டட வேலைக்காரர் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக் கை சூடேற்றிக்கொண்டு குடிக்கிறார். அதற்கு 'பில்டர்ஸ் டீ' என்றே பெயர். துரைமார் மட்டும் இல்லம்மா, கொத்தனாரும் குடிக்கிறார் என்று அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னேன். இப்போது இங்கே வருகிற தேயிலையில் கென்யாவுடையதுதான் அதிகம், ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் பறித்ததும் அசாமும்தான். 2011-ல் அம்மா ஒரு தடவை வந்திருந்தபோது அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீயை வாயில் வைத்துவிட்டு, நல்லாக் கொதிச்ச தூள், கை தாராளம் என்றார். முட்டையும் டோஸ்ட்டும் முழுசாகச் சாப்பிட்டார். வழக்கமாக ஹோட்டலில் சாப்பிட்டால் எதையாவது மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் அவர்.

விலைக்கு வருகிறேன். நான் வந்த புதிதில் ஃபுல் இங்கிலிஷ் மூன்றரை பவுண்டு. இன்றைக்கு அதே கடையில் டீயும் சேர்த்து எட்டரை. நம் ஊர்ப் பணத்தில் பெருக்கினால் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது, உடனே 'இதுவா மலிவு' என்று கேட்பீர்கள். இங்கே சம்பாதித்து இங்கே சாப்பிடுகிறவர் கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரலிலேயே 21 வயசு நிறைந்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸாக இருந்தது. ஒரு மணி நேரக் கூலியில் சாயங்காலம் வரை தாங்குகிற மாதிரி சாப்பிட்டுவிட்டு மீதியும் வாங்கலாம். அதே எட்டரை பவுண்டுக்கு ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற பெரிய கடைகளில் ஒரு காபியும் காகிதத்தில் சுற்றிய ஒரு குளிர்ந்த சாண்ட்விச்சும் கிடைக்கும், அதையும் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும்.

ஆனால் இந்தக் கடைகள் குறைந்துகொண்டே போகின்றன, இதுதான் என் மனசில் இருக்கிற பெரிய கவலை, கடிதம் எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம். பிக்காடில்லி சர்க்கஸுக்குப் பக்கத்தில் 1951-லிருந்து இருந்த நியூ பிக்காடில்லி கஃபே 2007-ல் மூடிவிட்டது. பிராட்வே மார்க்கெட்டில் இருந்த பழைய பை அண்ட் மேஷ் கடை 2019-ல் போய்விட்டது. நான் போய்க்கொண்டிருந்த கடைகளிலேயே மூன்று இப்போது இல்லை. வாடகை ஏறுகிறது, 2022-லிருந்து கேஸ், கரன்ட் பில் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்கிறார் எங்கள் கடைக்காரர். உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு 20 சதவீதம் வாட் வரி. கொரோனா சமயத்தில் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள், மறுபடியும் 2022-ல் பழையபடி ஏற்றிவிட்டார்கள். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் குளிர்ந்த சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு போனால் அந்த வரி கிடையாது. வருஷ வியாபாரம் 90,000 பவுண்டைத் தாண்டினால் சின்னக் கடையும் வரி கட்டித்தான் ஆக வேண்டும், அந்தத் தொகை ஏதோ பெரிசு மாதிரி தெரியும், ஆனால் அது லாபம் இல்லை, மொத்த விற்பனை. அவர் விலையை ஐம்பது பென்ஸ் ஏற்றுவதற்குள் மூன்று வாரம் யோசிக்கிறார். தினமும் வருகிற ஓய்வூதியப் பெரியவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஓரத்தில் பேப்பர் படிக்கிற பெரியவருக்கு அந்த நாளில் பேசக் கிடைக்கிற ஒரே ஆள் கல்லாவில் நிற்பவர்தான் என்பது எனக்கும் தெரியும், அவர்களில் சிலரை நான் வார்டிலும் பார்த்திருக்கிறேன்.

பாதுகாக்க மனசிருந்தால் முடியும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. டாக்சி (அன்றைக்கு வாடகைக் குதிரை வண்டி) ஓட்டுநர்களுக்காக 1875-ல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை, லண்டன் தெருவோரங்களில் பச்சை மரக் குடிசைகள் கட்டியது. ரோட்டில் நிற்பதால் ஒரு குதிரை வண்டியை விடப் பெரிசாக இருக்கக் கூடாது என்பது கட்டளை, அதற்குள்ளேயே ஒரு சமையலறையும் பத்துப் பேர் உட்கார இடமும். அறுபதுக்கு மேல் இருந்ததில் இன்றைக்கு 13 மிஞ்சியிருக்கின்றன. உள்ளே டாக்சிக்காரர்கள் மட்டும்தான் உட்காரலாம், ஆனால் ஜன்னல் வழியாக நமக்கும் டீயும் பேக்கன் ரோலும் தருவார்கள். ரஸ்ஸல் ஸ்கொயரில் ஒன்று இருக்கிறது, பிரிட்டிஷ் மியூசியம் பார்க்கப் போகிற நம் ஆட்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகத்தான் நடக்கிறார்கள், பச்சைப் பெட்டி என்னவென்று தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. முட்டை, பீன்ஸ், காளான், தக்காளி, ஹாஷ் பிரவுன் (உருளைக்கிழங்கைத் துருவித் தட்டிப் பொரித்தது), சைவ சாஸேஜ் என்று 'வெஜி பிரேக்ஃபாஸ்ட்' அநேகமாக எல்லாக் கடையிலும் உண்டு. ஒரே கல்லில்தான் எல்லாம் வேகும், அது மனசுக்கு ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு சட்டியில் போட்டுத் தருவார்கள், யாரும் முறைக்க மாட்டார்கள். சிப்ஸ் எதில் பொரிக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வட இங்கிலாந்துப் பக்கம் மீனும் சிப்ஸும் பொரித்து விற்கிற கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வழக்கம். பன்றி வேண்டாதவர்களுக்கு, வொயிட்சேப்பல் பக்கம் ஹலால் சாஸேஜ் வைத்திருக்கிற காஃபுகள் இருக்கின்றன.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை லண்டனைப் பற்றி யாராவது எழுதித் தந்தால், சாப்பாட்டுப் பகுதியை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், உழைக்கிறவர்கள் சாப்பிடுகிற கடையில் ஒரு வேளையாவது சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். உங்கள் வாசகர்களில் பிள்ளைகளைப் பார்க்க இங்கே வருகிற அப்பா அம்மாக்கள் நிறைய. மருமகளோ மகனோ வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க வீட்டுக்குள் இருக்கிறார்கள், வெளியே சாப்பிட்டால் என்ன ஆகுமோ என்று பயப்படுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள், தெருக்கோடியில் ஆவி படிந்த கண்ணாடியோடு ஒரு கடை இருந்தால் தைரியமாக உள்ளே போகலாம், ஆங்கிலம் சரளமாக வர வேண்டியதில்லை, மெனுவில் நம்பர் போட்டிருக்கும், நம்பரைச் சொன்னால் போதும். டீ முதலில் வந்துவிடும்.

கட்டுரையாளர் மறுபடியும் வந்தால் அவரையும் அனுப்புங்கள். வியாழக்கிழமை வரச் சொல்லுங்கள், எங்கள் கடையில் அன்றைக்கு ஷெப்பர்ட்ஸ் பை. பன்னிரண்டரைக்குள் தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கிழக்கு லண்டன்